பக்கத்து வீட்டுக் கிளை வேலி தாண்டினால் யாரிடம் முறையிடுவது?

தாமான் வரிசை வீடுகளில் இரு வீட்டுக்கும் நடுவே இருப்பது பெரும்பாலும் ஓர் இடுப்பளவு வேலிதான். அதன் ஓரத்தில் ஆசைக்கு நட்ட காகிதப்பூச் செடியும் மூங்கிலும் சில ஆண்டுகளில் ஆளுயரம் தாண்டி வளர்ந்துவிடுகின்றன. கிளைகள் அடுத்த வீட்டுக் கூரையில் படுக்கின்றன. சருகுகள் கூரைத் தாழ்வாரத்தின் மழைநீர்த் தகரத்தை அடைக்கின்றன. வாசல் கால்வாயில் வேர் இறங்குகிறது. துணி காயப்போட வெயில் கிடைப்பதில்லை. சொன்னால் மனஸ்தாபம், சொல்லாமல் இருந்தால் மாதாமாதம் கூரை ஏறிச் சருகு அள்ளும் வேலை.

தீபாவளிக்கு முறுக்கும் ஹரி ராயாவுக்கு ரெண்டாங்கும் கை மாறியதும் இதே வேலிக்கு மேல்தான். இருபது ஆண்டுப் பழக்கம் ஒரு கிளைக்காக முறிந்து, ஒரே வரிசையில் இருந்துகொண்டே முகம் பார்க்காமல் போகும் குடும்பங்களை எந்தத் தாமானிலும் காணலாம்.

இத்தகைய தகராறு முற்றிப்போவதற்கு முக்கியக் காரணம், எந்த விவகாரத்துக்கு எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்ற தெளிவு இல்லாததே. போலீஸ் நிலையத்துக்குப் போனால் அது சிவில் விவகாரம் என்பார்கள். நகராண்மைக் கழகத்துக்குப் போனால் இரண்டும் தனியார் நிலம் என்ற பதில் வரலாம். கோபத்தில் வீடு திரும்பியவர் தாமே அரிவாளை எடுத்தால், நியாயம் அவர் பக்கம் இருந்தும் குற்றவாளி ஆகிவிடுகிறார். தீபகற்ப மலேசியாவில் இதற்கு உள்ள வழிகளை, எளியதில் தொடங்கி வரிசையாகக் காண்போம்.

முதல் கதவு: பக்கத்து வீட்டுக் கதவு

செடி அடுத்த வீட்டுக்கு எவ்வளவு தொல்லை தருகிறது என்பது அதை நட்டவருக்குத் தெரியாமலே இருக்கலாம். அவர் பார்ப்பது தம் பக்கத்துப் பூவை. கூரை மேல் விழும் சருகு அவர் கண்ணில் படுவதில்லை. அதனால் முதலில் நேரில் பேசுவதே முறை.

பேசும் நேரமும் விதமும் முக்கியம். வேலை முடிந்து களைத்து வரும் மாலையில், சாலையில் நின்று குரல் உயர்த்தினால் பேச்சு அங்கேயே முறியும். ஞாயிறு காலையில் போய், "அண்ணே, உங்க மூங்கில் எங்க தகரத்துல சாய்ஞ்சிருக்கு. மழை பெஞ்சா தண்ணி உள்ள வருது. ஒரு தடவ வந்து பாருங்களேன்," என்று அழைத்துக் காட்டுவது நல்லது. மலாய்க்கார பாக்சிக் ஆனாலும் சீன அங்கிள் ஆனாலும் இதே அணுகுமுறைதான். குற்றம் சொல்லும் தொனி இல்லாமல் இடத்தைக் காட்டினால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். பக்கத்து வீட்டில் வயதானவர்கள் மட்டும் இருந்தால் ஏணி ஏறி வெட்டுவது அவர்களால் ஆகாது. ஆள் வைத்து வெட்டும் கூலியைப் பகிர்ந்துகொள்ள முன்வந்தால் உறவும் பிழைக்கும், கூரையும் பிழைக்கும்.

வேம்பு என்றால் இன்னும் பக்குவம் வேண்டும். அம்மனாக எண்ணிக் கும்பிடும் மரத்தை வெட்டச் சொல்வது பலருக்கு மனம் நோகும் பேச்சு. வேண்டியது கூரை மேல் வந்த கிளையைக் கழிப்பது மட்டுமே, மரத்தை அகற்றச் சொல்லவில்லை என்பதை முதல் வார்த்தையிலேயே தெளிவாக்கிவிட வேண்டும். மரத்தின் சொந்தக்காரரும் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். கும்பிடும் மரம் என்பதால் அதன் கிளைக்கு அவர் பொறுப்பாளி இல்லை என்று ஆகிவிடாது.

நேரில் சொல்லியும் நடக்காவிட்டால், தேதியிட்ட ஒரு சிறு கடிதமோ வாட்ஸ்அப் செய்தியோ படத்துடன் அனுப்பி வைப்பது நல்லது. அது ஏன் என்பது பின்னால் விளங்கும்.

எல்லையை உறுதி செய்தல்

செடி யாருடைய நிலத்தில் நிற்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். வேலி இருக்கும் இடமெல்லாம் எல்லை ஆகிவிடாது. அளந்து பதித்த எல்லைக் கற்களே எல்லை. அதை மலாயில் 'பத்து செம்பாடான்' என்பர். கல் காணாமல் போயிருந்தால் உரிமம் பெற்ற நில அளவையாளரைக் கொண்டு அளக்கலாம்.

வீட்டு வாசலுக்கும் சாலைக்கும் இடைப்பட்ட புல்தரையிலும் பின்சந்திலும் பலர் செடி வைக்கிறார்கள். அவை பெரும்பாலும் சாலை ஒதுக்கு நிலம். அங்குள்ள செடியைப் பற்றிப் பக்கத்து வீட்டுக்காரரோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. அது நேரடியாக ஊராட்சி மன்றத்தின் வேலை. தெரிவித்தால் போதும், தாமே வெட்டக் கூடாது.

ஆளில்லாத வீடும் புதர் மண்டிய காலி மனையும் இன்னொரு வகைத் தலைவலி. நிலத்தின் லாட் எண் தெரிந்தால், நில அலுவலகத்தில் கட்டணம் செலுத்தி 'சாரியான் பெர்செண்டிரியான்' எனும் தனிப்பட்ட தேடல் வழி உரிமையாளரின் பெயரை யாரும் அறியலாம். வீட்டு வரி வசூலிப்பதால் ஊராட்சி மன்றத்திடமும் உரிமையாளர் பற்றிய பதிவு இருக்கும். அதனால் மன்றம் நோட்டீஸ் அனுப்ப முடியும்.

ஊராட்சி மன்றம் எப்போது தலையிடும்?

மாநகர் மன்றம், நகராண்மைக் கழகம், மாவட்ட மன்றம் ஆகிய மூன்றுக்கும் அடிப்படை 1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம், அதாவது சட்டம் 171. அதில் இரண்டு இடங்கள் இங்கே கவனிக்கத்தக்கவை.

முதலாவது, 80 முதல் தொடங்கும் 'தொல்லை' பற்றிய பிரிவுகள். பொதுமக்களைப் பாதிக்கும் தொல்லை தனியார் நிலத்தில் இருந்தாலும் அதை அகற்ற நடவடிக்கை எடுப்பது மன்றத்தின் கடமை என்கிறது 80-ஆவது பிரிவு. தகவல் கிடைத்து, தொல்லை இருப்பது உண்மைதான் என்று மன்றத்துக்குத் திருப்தி ஏற்பட்டால், குறிப்பிட்ட காலத்துக்குள் அதை நீக்கச் சொல்லி நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்கிறது 82-ஆவது பிரிவு. தொல்லைக்குக் காரணமானவர் அகப்படாவிட்டால் வீட்டு உரிமையாளருக்கோ குடியிருப்பவருக்கோ நோட்டீஸ் போகும். அதை அலட்சியம் செய்தால் விவகாரம் மாஜிஸ்திரேட் நீதிமன்றம் வரை செல்லலாம்.

இரண்டாவது, மன்றத்தின் கூடுதல் அதிகாரங்களைப் பட்டியலிடும் 101-ஆவது பிரிவு. சாலைப் போக்குவரத்துக்கு இடையூறாக நீண்டிருக்கும் மரம், புதர், உயிர்வேலி ஆகியவற்றை அகற்றவோ தாழ்த்தவோ கழிக்கவோ உத்தரவிட இது இடம் தருகிறது. பொதுமக்களின் பாதுகாப்புக்கு ஆபத்து என்று மன்றம் கருதினாலும் அவ்வாறு உத்தரவிடலாம்.

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு கோடு தெளிவாகிறது. கிளை சாலையை மறைக்கிறது, பொதுக் கால்வாயை அடைக்கிறது, கொசு பெருகுகிறது, பாம்பும் எலியும் குடியேறுகின்றன, மரம் சாய்ந்து ஆளை அடிக்கும் நிலையில் இருக்கிறது என்றால் மன்றத்துக்கு வேலை உண்டு. வெயிலை மறைக்கிறது, இலை கொட்டுகிறது, பார்வைக்கு அசிங்கமாக இருக்கிறது என்பன இரு வீட்டாருக்கு இடையிலான விவகாரம். அவற்றுக்கு மன்றத்திடம் போனால், தனியார் நிலம் என்ற பதிலே வரும்.

கொசுவைப் பொறுத்தவரை இன்னும் கடுமையான சட்டம் உண்டு. 1975-ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டத்தின் கீழ், ஏடிஸ் கொசுப் புழு கண்டுபிடிக்கப்பட்ட இடத்தின் உரிமையாளருக்கோ குடியிருப்பவருக்கோ 500 ரிங்கிட் வரை அபராத நோட்டீஸ் கொடுக்க முடியும். வெட்டிய மூங்கில் கணு, சருகு அடைத்த மழைநீர்த் தகரம், இலையடியில் நீர் தேங்கும் அலங்காரச் செடி எல்லாம் ஏடிசுக்குப் பிடித்த இடங்கள். முட்டை கொசுவாக ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். 2019-இல் மட்டும் நாட்டில் 130,101 டிங்கி சம்பவங்களும் 182 மரணங்களும் பதிவாயின. அடுத்த வீட்டுச் சருகு நம் வீட்டுப் பிள்ளையின் காய்ச்சலாக மாறக்கூடும் என்பதால், வட்டாரச் சுகாதார அலுவலகத்துக்கும் தெரிவிப்பது தவறில்லை.

மின்கம்பியைத் தொடும் கிளைக்கு யாரும் கத்தி எடுக்கவே கூடாது. தெனாகா நேஷனலின் 15454 எண்ணுக்கு அழைக்க வேண்டும். மரம் விழுந்து ஆளோ வழியோ சிக்கினால் 999.

புகாரை எப்படி எழுதுவது?

வாயால் சொன்ன புகார் காற்றோடு போய்விடும். மன்றத்தின் இணையப் புகார் பக்கம் வழியாகவோ கடிதமாகவோ கொடுத்துப் புகார் எண்ணைக் கட்டாயம் பெற்றுக்கொள்ள வேண்டும். பின்னால் என்ன ஆயிற்று என்று கேட்க அந்த எண்தான் பிடி.

கடிதத்தில் இருக்க வேண்டியவை: இரு வீடுகளின் முகவரி, செடி நிற்கும் இடம், எப்போதிருந்து தொல்லை, எத்தனை முறை பக்கத்து வீட்டாரிடம் பேசப்பட்டது, தேதி தெரியும் படங்கள். உணர்ச்சியைக் குறைத்து, பொதுத் தொல்லையை முன்னே வைக்க வேண்டும். 'இவர் எப்போதும் இப்படித்தான்' என்று எழுதுவதால் பயனில்லை. கிளை கால்வாயை அடைத்துக் கொசு பெருகுகிறது என்பதை மலாயில், 'டாஹான் போக்கோக் ஜிரான் மெங்ஹாலாங் லொங்காங் டான் மெஞ்ஜாடி தெம்பாட் பெம்பியாக்கான் ஞாமுக்' என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். படித்ததும் எந்தப் பிரிவுக்கு அனுப்புவது என்று அதிகாரிக்குப் புரியும்.

இரண்டு மூன்று வாரங்களில் அசைவு இல்லையென்றால், அதே புகார் எண்ணுடன் உங்கள் பகுதி நகராண்மைக் கழக உறுப்பினரையோ சட்டமன்ற உறுப்பினரின் சேவை மையத்தையோ நாடலாம். எண் இல்லாமல் போனால், முதலில் புகார் செய்யுங்கள் என்றே அங்கும் சொல்வார்கள்.

மன்றம் கைவிரித்தால்: ருக்குன் தெத்தாங்கா

ருக்குன் தெத்தாங்கா என்றால் இரவு ரோந்தும் கோத்தோங் ரோயோங்கும்தான் பலருக்கு நினைவு வரும். 1975-இல் தொடங்கிய இந்த அமைப்புக்கு 2012-இல் புதிய சட்டம் வந்தது. சட்டம் 751 எனப்படும் அதன்படி, அக்கம்பக்கத்தாரின் பிணக்குகளைச் சமரசம் செய்து வைப்பதும் ருக்குன் தெத்தாங்காவின் பணிகளில் ஒன்று. தேசிய ஒற்றுமை, ஒருங்கிணைப்புத் துறையிடம் பயிற்சி பெற்ற சமூகச் சமரசத் தூதர்கள் பல வட்டாரங்களில் உள்ளனர். மலாயில் இது 'மெடியாசி கொமூனிட்டி' எனப்படும்.

சமரசத் தூதர் நீதிபதி போல் யார் சரி என்று தீர்ப்பு சொல்ல மாட்டார். இரு தரப்பையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, ஒவ்வொருவரும் முழுதாகப் பேசி முடிக்க இடம் தருவார். வெயில், சருகு, பார்வை போன்ற மன்றம் தொடாத விவகாரங்களுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. நீதிமன்றத்தில் கிடைப்பது வெற்றி அல்லது தோல்வி. இங்கே, வேலி ஆறடிக்கு மேல் போகக் கூடாது, ஆண்டுக்கு மூன்று முறை கழிக்க வேண்டும், செலவு ஆளுக்குப் பாதி என்பது போல் இருவரும் வாழக்கூடிய ஓர் உடன்பாடு கிடைக்கலாம். உடன்பாட்டை எழுதி இருவரும் கையெழுத்திட்டு வைத்துக்கொள்வது நல்லது.

நாமே வெட்டலாமா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். 1956-ஆம் ஆண்டின் சிவில் சட்டத்தின் 3-ஆவது பிரிவு வழியாக, அந்த ஆண்டு ஏப்ரல் 7-ஆம் தேதி நிலவிய ஆங்கிலேயப் பொதுச் சட்டம், உள்நாட்டுச் சட்டம் வேறு சொல்லாத இடங்களில் தீபகற்ப மலேசியாவுக்குப் பொருந்துகிறது. அதற்கு முந்தைய மூன்று ஆங்கிலேய வழக்குகள் இங்கே வழிகாட்டுகின்றன.

லெம்மன் எதிர் வெப் வழக்கில், தம் நிலத்துக்கு மேல் நீண்டிருந்த அடுத்தவர் மரக் கிளைகளை ஒருவர் முன்னறிவிப்பின்றி வெட்டினார். அவர் அடுத்தவர் நிலத்தில் கால் வைக்கவில்லை. அது தவறில்லை என்று 1894-இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. ஆக, எல்லை தாண்டி வந்த பகுதியை, நம் பக்கம் நின்றபடி, எல்லைக் கோடு வரை மட்டும் வெட்ட உரிமை உண்டு. சட்டம் வற்புறுத்தாவிட்டாலும், முன்கூட்டிச் சொல்லிவிட்டு வெட்டுவதே பண்பு.

வெட்டிய கிளையும் அதிலுள்ள பழமும் யாருக்கு? மில்ஸ் எதிர் புரூக்கர் வழக்கில், தம் பக்கம் நீண்ட கிளையின் ஆப்பிளைப் பறித்து விற்றவர் அதன் மதிப்பை மரத்தின் சொந்தக்காரருக்குக் கொடுக்க வேண்டும் என்று 1919-இல் தீர்ப்பானது. ஆப்பிள் இருந்த இடத்தில் மாம்பழத்தையும் ரம்புத்தானையும் வைத்துப் பார்த்தால் போதும். கிளையை வெட்ட உரிமை உண்டு. காயைக் கூடையில் போட்டுக்கொள்ள உரிமை இல்லை.

வேலி தாண்டிப் போய் அடிமரத்தை வெட்டுவதோ, இரவில் வேருக்கு மருந்து ஊற்றுவதோ கூடவே கூடாது. அத்துமீறி நுழைவதும் அடுத்தவர் உடைமைக்குக் கேடு விளைவிப்பதும் தண்டனைச் சட்டத்தின் 441, 425-ஆவது பிரிவுகள் கூறும் குற்றங்கள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதையாகிவிடும்.

பெரிய மரமாக இருந்தால், சொந்த மரமே ஆனாலும் யோசிக்க வேண்டும். 1976-ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின் 35எச் பிரிவின்படி, அடிமரத்தின் சுற்றளவு 0.8 மீட்டருக்கு மேல் இருந்தால் அதை வீழ்த்த ஊராட்சித் திட்டமிடல் அதிகார அமைப்பின் எழுத்துபூர்வ அனுமதி தேவை. தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் அளக்க வேண்டும். பட்டுப்போன மரத்துக்கும், உடனடி ஆபத்தைத் தவிர்க்க வெட்டும் மரத்துக்கும் விலக்கு உண்டு. கோலாலம்பூருக்குத் தனித் திட்டமிடல் சட்டம் இருப்பதால் அங்குள்ளவர்கள் கோலாலம்பூர் மாநகர் மன்றத்திடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

விழுந்தால் யார் பொறுப்பு?

மழைக்காற்றில் கிளை முறிந்து கார் மேல் விழுகிறது. மரத்தின் சொந்தக்காரர் பணம் தர வேண்டுமா? மூன்றாவது வழக்கு இதற்குத்தான். நோபல் எதிர் ஹாரிசன் வழக்கில், சாலைக்கு மேல் நீண்ட கிளை முறிந்து ஒரு வாகனத்தின் மேல் விழுந்தது. கிளையின் பழுது வெளியே தெரியாத ஒன்று, உரிமையாளர் அதை அறிந்திருக்கவில்லை என்பதால் அவர் பொறுப்பில்லை என்று 1926-இல் முடிவாயிற்று.

முன்பு சொன்ன தேதியிட்ட கடிதத்தின் பலன் இங்கேதான். கிளை உளுத்திருக்கிறது, கூரை பக்கம் சாய்கிறது என்று படத்துடன் எழுதித் தெரிவித்த பிறகு, எனக்குத் தெரியாது என்று சொந்தக்காரர் சொல்வது கடினம். அந்த ஒரு தாள் அவரை விழிப்படையச் செய்து விபத்தையே தடுக்கலாம். தடுக்காவிட்டால் இழப்பீடு கேட்க அதுவே ஆதாரம்.

இழப்பு 5,000 ரிங்கிட்டுக்குள் இருந்தால், 2012-ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளின் 93-ஆவது கட்டளைப்படி மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை வழக்கு தொடுக்கலாம். வழக்கறிஞர் வேண்டாம். பாரம் 198-ஐ நிரப்பி, பழுதுபார்த்த ரசீது, படங்கள், கடித நகல் ஆகியவற்றை இணைக்க வேண்டும். அதற்கு மேற்பட்ட தொகைக்கும், தொல்லையை நிறுத்தத் தடையுத்தரவு பெறவும் வழக்கறிஞரின் ஆலோசனை தேவைப்படும். வருமானம் குறைந்தவர்கள் சட்ட உதவித் துறையான 'ஜபாத்தான் பந்துவான் குவாமான்' அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

தோட்டத்திலும் அடுக்குமாடியிலும்

தோட்டக் குடியிருப்புகளில் வீடும் நிலமும் நிர்வாகத்துக்குச் சொந்தம். இரு லயத்து வீடுகளுக்கு நடுவே உள்ள புதரைப் பற்றி முதலில் தோட்ட அலுவலகத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். தொழிலாளர் குடியிருப்பின் தரத்தைப் பேணும் பொறுப்பை முதலாளிக்கு வைக்கும் 1990-ஆம் ஆண்டின் சட்டம் 446 இருக்கிறது. நிர்வாகம் அசட்டையாக இருந்தால் தொழிற்சங்கக் கிளை வழியாகவோ நேரடியாகவோ தொழிலாளர் துறையிடம் முறையிடலாம். தோட்டம் துண்டாடப்பட்டு வீட்டு மனை சொந்தப் பட்டாவாக மாறியிருந்தால், தாமான் வீடுகளுக்குச் சொன்ன வழிகளே பொருந்தும்.

அடுக்குமாடியிலும் காவல் வேலி கொண்ட ஸ்ட்ராத்தா குடியிருப்புகளிலும் பொது இடத்துச் செடிகள் நிர்வாக அமைப்பின் பொறுப்பு. அது செவிசாய்க்காவிட்டால், 250,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கும் ஸ்ட்ராத்தா நிர்வாகத் தீர்ப்பாயத்தை நாடலாம்.

வரிசையை மறவாமல்

நேரில் பேசுவது, தேதியிட்ட கடிதம், பொதுத் தொல்லையானால் ஊராட்சி மன்றம், மற்றவற்றுக்கு ருக்குன் தெத்தாங்கா சமரசம், கடைசியில் நீதிமன்றம். கிளையை வெட்டும் உரிமை எல்லைக் கோடு வரை மட்டும். ஆபத்தும் மின்கம்பியும் சம்பந்தப்பட்டால் மட்டுமே இந்த வரிசையைத் தாண்டி உடனே அழைக்க வேண்டும்.

நீதிமன்றத்தில் வென்றவரும் மறுநாள் காலை அதே வேலிக்குப் பக்கத்தில்தான் கண் விழிக்க வேண்டும். நள்ளிரவில் வீட்டில் ஒருவருக்கு மூச்சுத்திணறல் வந்தால் முதலில் ஓடி வரக்கூடியவர் பக்கத்து வீட்டுக்காரர்தான். அதனால்தான் இந்த வரிசையில் அவர் வீட்டுக் கதவு முதலில் இருக்கிறது.